தனத்துக்குச் சைவச் சாப்பாடு

பெட்டாலிங் ஜெயா
12 ஜூன் 2025

மதிப்பிற்குரிய திரு. சபாபதி அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் ருக்கையா. பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் கீழக்கரை. மலேசியாவுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. உங்கள் கைப்பேசிக்குப் பலமுறை அழைத்தும் நீங்கள் எடுக்கவில்லை. கோப்பில் வீட்டு மொழி தமிழ் என்று இருந்ததால், கடிதமாகவே எழுதிவிடலாம் என்று துணிந்தேன்.

உங்கள் மனைவி தனலெட்சுமி அம்மா சென்ற ஆண்டு காலமானதை அறிவேன். என் அனுதாபத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

அவர்களுடைய கணையத்தில் இருந்த கட்டியை அறுவை சிகிச்சையில் எடுத்தபோது, அதில் ஒரு சிறு துண்டை ஆராய்ச்சிக்குத் தருவதாக அவர்களே சம்மதித்திருந்தார்கள். அந்தத் துண்டிலிருந்து எடுத்த செல்களை எங்கள் கூடத்தில் வளர்த்து வருகிறோம். இப்படி எடுக்கும் செல்கள் பெரும்பாலும் சில வாரங்களில் இறந்துவிடும். உங்கள் மனைவியின் செல்கள் இன்றுவரை நல்ல உயிர்ப்போடு இருக்கின்றன. இப்போது ஜப்பானில் ஒசாகாவில் உள்ள ஒரு குழு அவற்றில் கொஞ்சம் கேட்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்பக் குடும்பத்தாரின் ஒப்புதல் வேண்டும். படிவத்தை இணைத்திருக்கிறேன். கையெழுத்திட்டு அனுப்பினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
ருக்கையா


கிள்ளான்
23 ஜூன் 2025

டாக்டர் அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் குப்பையில் போட்டேன். தெரியாத நம்பரை நான் எடுப்பதில்லை. எடுத்தால், ‘உங்க பேர்ல ஒரு பார்சல் மாட்டிக்கிச்சு’ என்று ஆரம்பித்து பேங்கைத் துடைத்துவிட்டுப் போய்விடுகிறான்கள். செத்துப்போன பொண்டாட்டி பேரைச் சொல்லி ஏமாற்றுகிற அளவுக்கு வந்துவிட்டான்களே என்று வயிறெரிந்தது. ஜொகூரில் இருக்கிற மகன் தனேஷிடம் சொன்னேன். அவன் உங்கள் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, “ஆளு நெஜம்தான்பா. ஆனா எதுலயும் சைன் வெச்சிடாதீங்க லா” என்றான். பிறகு குப்பையிலிருந்து எடுத்துத் துடைத்து மறுபடி படித்தேன்.

‘நல்ல உயிர்ப்போடு இருக்கின்றன’ என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா, என்ன தைரியம் உங்களுக்கு! அந்த வரிக்கு அப்புறம் எனக்குக் காப்பி இறங்கவில்லை.

போன ஆவணியில் தனம் போனாள். தனேஷ்தான் கொள்ளி வைத்தான். போர்ட் கிள்ளானில் படகு பிடித்துச் சாம்பலைக் கடலில் கரைத்தோம். கருமாதி முடிந்தது. அவள் புடவைகளைக்கூட எடுத்துக் கொடுத்தாயிற்று. எல்லாம் முறையாக நடந்தது என்று மனசைத் தேற்றிக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டிவிட்டேன். வருகிற ஆவணியில் முதல் திதி. இப்போது நீங்கள் வந்து, அவள் பெட்டாலிங் ஜெயாவில் உயிரோடு இருக்கிறாள் என்கிறீர்கள். உயிரோடு இருக்கிறவளுக்கு நான் எப்படிப் பிண்டம் வைப்பேன்?

எங்கள் கோயில் பண்டாரத்தைக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “அண்ணே, கையி காலு எடுத்தவங்களுக்குச் செஞ்சிருக்கேன். இது நம்ம லிஸ்டுலயே இல்லையே” என்கிறார்.

படித்தவர்கள் நீங்கள். எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். எவ்வளவு இருக்கிறது? அது என்ன செய்கிறது? என்ன சாப்பிடுகிறது? அதெல்லாம் தெரிந்த பிறகு அதை என்னிடம் கொடுத்துவிடுங்கள். திதிக்கு முன்னால் அதையும் முறையாக அனுப்பிவிடுகிறேன். அவள் பாதி இங்கே, பாதி அங்கே என்று அலைவதை என்னால் தாங்க முடியாது.

போன் செய்யாதீர்கள். எழுதுங்கள். ஆபீஸ் முத்திரைச் சாப்பு குத்தி அனுப்புங்கள்.

சபாபதி


பெட்டாலிங் ஜெயா
30 ஜூன் 2025

மதிப்பிற்குரிய சபாபதி அய்யா,

சாப்பு குத்தியிருக்கிறேன். பார்த்துக்கொள்ளுங்கள்.

‘உயிர்ப்போடு’ என்று யோசிக்காமல் எழுதிவிட்டேன். எங்கள் கூடத்தில் அது தினமும் புழங்கும் சொல். அதைப் படிக்கப்போகிறவர் யார் என்று நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். மன்னியுங்கள்.

எவ்வளவு என்று கேட்டீர்கள். எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்தால் ஒரு மிளகு அளவுகூட வராது. சில கண்ணாடித் தட்டுகளின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கருவி இல்லாமல் கண்ணுக்குத் தெரியாது. உறைய வைத்துப் பார்த்தோம், உருக்கியபோது ஒன்றும் பிழைக்கவில்லை. ஆகவே இருப்பது இந்தத் தட்டுகள் மட்டும்தான்.

என்ன செய்கின்றன என்றால், இன்சுலினைச் செய்கின்றன. செய்து, சின்னச் சின்னப் பைகளில் அடைத்து, செல்லின் ஓரத்துக்குக் கொண்டுவந்து வெளியே விடுகின்றன. அந்த விடுகிற கணத்தைப் பார்ப்பதுதான் என் வேலை. சாதாரணமாக அதைப் பார்க்க முடியாது. அதனால் கடலில் வாழும் ஜெல்லி மீனின் பச்சை ஒளிப் புரதத்தைக் கொஞ்சம் மாற்றி, அதைச் செய்யும் குறிப்பைச் செல்லுக்குள் அனுப்பிவிடுகிறோம். செல்லே அந்தப் புரதத்தைச் செய்து இன்சுலினோடு சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொள்கிறது. பைக்குள்ளே புளிப்பு. அந்தப் புளிப்பில் இந்தப் புரதம் மங்கிப்போய்க் கிடக்கும். பை வாய் திறந்து வெளிநீர் பட்டதும் புளிப்பு போய்விடும். உடனே பளிச்சென்று ஒரு பச்சைப் புள்ளி. ஒரு புள்ளி தெரிந்தால் ஒரு பை திறந்தது என்று அர்த்தம். செல்லை அறுக்காமல், சாயம் ஏற்றிக் கொல்லாமல், அது தன் வேலையில் இருக்கும்போதே பார்த்துக்கொண்டிருக்கலாம். முதல் தடவை பார்த்தபோது நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

சாப்பாடு பற்றியும் கேட்டீர்கள். சர்க்கரை, உப்புகள், விட்டமின்கள், புரதச் சத்துகள், கொஞ்சம் கன்றுக்குட்டியின் ரத்தநீர். இது எல்லா ஆய்வுக்கூடங்களிலும் கொடுப்பதுதான். உடம்புச் சூட்டில் வைத்து நன்றாகவே கவனித்துக்கொள்கிறோம். அந்த விஷயத்தில் நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

திருப்பிக் கொடுப்பது பற்றி என் பேராசிரியரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

ருக்கையா


கிள்ளான்
4 ஜூலை 2025

ருக்கையா அம்மா,

கவலைப்பட வேண்டாம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

தனம் சைவம். கல்யாணம் ஆன புதிதில் கேரி தீவில் எஸ்டேட் வீட்டில் இருந்தபோது முருகனுக்கு வேண்டிக்கொண்டு கறி மீனை விட்டவள். அதற்கப்புறம் முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொட்டதில்லை. கடைக்குப் போனால், “அண்ணே, இந்தக் கரண்டிய கறிச் சட்டியில விட்டீங்களா?” என்று கேட்டுக் கேட்டு என் மானத்தை வாங்குவாள். ஆஸ்பத்திரியில் உடம்பு எலும்பும் தோலுமாக இருக்கும்போது, “சிஸ்டர், இந்தக் கேப்சூல் மேலுறை எதுல செஞ்சது?” என்று கேட்டு, மாட்டுத் தோல், எலும்பு என்று தெரிந்ததும் உறையை உடைத்து மருந்துத் தூளை மட்டும் தேனில் குழைத்துச் சாப்பிட்டாள். நான் அப்படியில்லை. நான் ஆட்டுக்கறி சாப்பிடுவேன். ஆனால் வெளியில் சாப்பிட்டு வந்தால் வாசல் பைப்பிலேயே வாய் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.

அவளுக்குப் போய்க் கன்றுக்குட்டி ரத்தமா? அதுவும் ஒரு வருஷமாகவா?

நிறுத்துங்கள். இன்றைக்கே நிறுத்துங்கள். நான் ஒரு சொம்போடு வருகிறேன். கொடுத்துவிடுங்கள்.

சபாபதி


பிரிக்பீல்ட்ஸ்
9 ஜூலை 2025

சபாபதி அங்கிளுக்கு,

இதை ஆபீஸிலிருந்து எழுதவில்லை. என் வாடகை அறையிலிருந்து எழுதுகிறேன். சாப்பு இல்லை. அங்கிள் என்று கூப்பிட்டதற்கும் கோபப்படாதீர்கள். அய்யா என்று எழுதினால் மனசில் இருப்பது வரமாட்டேன் என்கிறது.

எனக்குத் தெரியாது அங்கிள். கோப்பில் வயது இருந்தது, ரத்த வகை இருந்தது, கட்டியின் அளவு இருந்தது. சைவம் என்று எங்கும் இல்லை. அதைக் கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்காதவள் நான். இன்னொன்றும் சொல்கிறேன். தட்டில் ஒட்டியிருக்கும் செல்களைப் பிரித்தெடுக்க ஒரு திரவம் ஊற்றுவோம். அது பன்றியின் கணையத்திலிருந்து வருவது. இரண்டு கையுறை போட்டுக்கொண்டு அதைத் தொடுகிறேன். கீழக்கரையில் இருக்கும் என் உம்மாவிடம் இதுவரை சொன்னதில்லை. “என்ன புள்ள வேலை பாக்குறே?” என்று கேட்டால், “கம்ப்யூட்டர்ல படம் பாக்குறேன்மா” என்பேன்.

உங்கள் கையில் கொடுக்க முடியாது. கட்டியின் திசு என்பதால் சட்டம் அனுமதிக்காது. நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் கொதிநீராவியில் வைத்து அழித்து, பிறகு எரிக்க அனுப்பிவிடுவோம். அப்படித்தான் வேண்டும் என்றால் வேறு ஒருவரிடமும் விடமாட்டேன். நானே செய்கிறேன்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ரத்தநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் அறவே இல்லாமல் செய்துவிடலாம். செடியிலிருந்தும் ஈஸ்டிலிருந்தும் எடுத்த சத்துகளை வைத்துப் பழக்கலாம். திடீரென்று நிறுத்தினால் எல்லாம் செத்துவிடும். மெல்லக் குறைத்தாலும் நிறையச் சாகும். எல்லாமே செத்தாலும் சாகும். என் பேராசிரியர், “பைத்தியமா உனக்கு? உன்னுடைய ஒரு வருட வேலை இந்தத் தட்டுகளில் இருக்கிறது” என்றார். இருக்கட்டும். நீங்கள் சொல்கிறபடி செய்ய அவர் ஒத்துக்கொண்டுவிட்டார்.

எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

ருக்கையா


கிள்ளான்
15 ஜூலை 2025

ருக்கையாம்மாவுக்கு,

போன கடிதத்தில் கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன். தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் இருபது வருஷத்துக்கு மேல் கொதிகலன் பார்த்தவன். அந்த இரைச்சலில் கத்திக் கத்திப் பேசி, எழுதும்போதும் அப்படியே வந்துவிடுகிறது.

எரித்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. மிளகு அளவுகூட இல்லை என்றாய். இருந்தாலும் அவள் உடம்பில் மிச்சம் அவ்வளவுதானே அம்மா? கொதிநீராவி என்கிறாய். கொதிநீராவி என்னவென்று உன்னைவிட எனக்குத் தெரியும். அதில் அவளைப் போடு என்று என் கையால் எப்படி எழுதுவேன்?

தனமாக இருந்தால் என்ன சொல்வாள் என்று யோசித்துப் பார்த்தேன். “செத்தாலும் பரவால்ல, அந்தக் கருமத்த எனக்குக் குடுக்காதீங்க” என்பாள். சத்தியமாக அதைத்தான் சொல்வாள். அதனால் குறைத்துப் பார். பிழைத்தால் பிழைக்கட்டும், போனால் அவள் விருப்பப்படி போகட்டும். குறைக்கும்போது அதற்கு வலிக்குமா? அதை மட்டும் மறைக்காமல் எழுது.

உன் உம்மாவிடம் சொல்லிவிடு. தாய்க்காரி திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.

சபாபதி


பெட்டாலிங் ஜெயா
14 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அங்கிள்,

உங்களுக்கு இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், என்ன எழுதுவது என்று தெரியாததுதான்.

வலிக்காது. வலியை அறிய நரம்பு வேண்டும், இவற்றுக்கு அது கிடையாது. எனக்குத்தான் வலித்தது. பாதியாகக் குறைத்தபோது ஒன்றும் தெரியவில்லை. அதிலும் பாதியாக்கியபோது செல்கள் உருண்டு திரண்டு, பிடிப்பை விட்டு மிதக்க ஆரம்பித்துவிட்டன. மிதந்தால் செத்தது என்று அர்த்தம். ஒவ்வொரு தட்டாகப் போனது. காலையில் வந்தால் மூடியைத் திறக்காமல் வேறு வேலைகளைத் தேடிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் பேராசிரியர் பார்க்கும்போதே அழுதுவிட்டேன். அவர் திட்டவில்லை. தானே போய் எனக்கு ஒரு மைலோ வாங்கிக்கொண்டு வந்தார்.

கடைசியில் ஒரே ஒரு தட்டுதான் மிஞ்சியது. அதில் நாலைந்து இடத்தில் சின்னச் சின்னக் கூட்டமாகப் பிடித்துக்கொண்டிருந்தன. ரத்தநீரை முழுசாக நிறுத்தினேன். வார இறுதி முழுக்க வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், அங்கிள், அவை பிரிந்து பெருகியிருந்தன! இன்றைக்கு மூன்று தட்டு ஆகிவிட்டது. இப்போது கொடுப்பதில் மாடும் இல்லை, கன்றும் இல்லை. பன்றித் திரவத்துக்கும் மாற்று வாங்கிவிட்டேன். அது எனக்காக.

உம்மாவிடமும் சொல்லிவிட்டேன். திட்டத்தான் செய்தார்கள்.

நீங்கள் வந்து ஒரு தடவை பார்க்க வேண்டும். திதிக்கு முன்னால் வாருங்கள். பார்த்துவிட்டு எரிக்கச் சொன்னாலும் செய்கிறேன், அனுப்பச் சொன்னாலும் செய்கிறேன். வருகிற புதன்கிழமை காலையில் கிள்ளானில் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்குங்கள். என் அறை பிரிக்பீல்ட்ஸில்தானே இருக்கிறது, நான் அங்கேயே வந்து நிற்கிறேன். இரண்டு பேரும் எல்ஆர்டி ரயிலில் சேர்ந்தே போகலாம்.

ருக்கையா


பிரிக்பீல்ட்ஸ்
21 ஆகஸ்ட் 2025

அங்கிள்,

நேற்று நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா? பாதியிலேயே எழுந்து போய்விட்டீர்கள். பின்னாலேயே ஓடி வந்தேன். அதற்குள் லிஃப்ட் மூடிவிட்டது. போன் செய்தேன், வழக்கம்போல எடுக்கவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வேறு மாதிரி பதில் சொல்லியிருக்கலாம் என்று ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருந்தேன். கட்டியின் செல்கள் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தேன், உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். கட்டி என்றால் என்ன என்று அப்போதே உடைத்துச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் பச்சைப் புள்ளி, ஜெல்லி மீன் என்று கதை அளந்துகொண்டிருந்தேன்.

திதி முடியும்வரை தட்டுகளை அப்படியே வைத்திருப்பேன். நீங்கள் எழுதாவிட்டால் நான் ஒன்றும் செய்யமாட்டேன். நன்றாக இருக்கிறேன் என்று ஒரு வரி போட்டால் போதும்.

ருக்கையா


கிள்ளான்
3 செப்டம்பர் 2025

அன்புள்ள மகள் ருக்கையாவுக்கு,

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு நான் தனத்தைப் பார்க்கத்தான் வந்தேன். சிரிக்காதே. தீபாவளிச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, ரயிலிலேயே தலையை வாரிக்கொண்டு வந்தேன். ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் நீ, “அங்கிள், மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க” என்றாய். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அந்த அறையில் விளக்கை அணைத்தாய். திரையில் ஒரே கறுப்பு. அப்புறம் ஓர் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி மினுக்கியது. அது அடங்குவதற்குள் இன்னொன்று. அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் இரண்டு. ‘தனம், இங்கதான் இருக்கியா’ என்று மனசுக்குள் கூப்பிட்டேன் அம்மா.

அப்போதுதான் நான், “சர்க்கரை போட்டிருக்கியா, அதான் விடுதா?” என்று கேட்டேன். நீ, “இல்ல அங்கிள், இப்ப சர்க்கரையே இல்ல. நல்ல செல்லா இருந்தா சும்மா இருக்கணும். இது நிறுத்தமாட்டேங்குது பாருங்க” என்றாய்.

எனக்குச் சுரீர் என்றது. காலையில் பல் விளக்கப் போகிறவள் கதவைப் பிடித்துக்கொண்டு வேர்த்து ஊற்றி நிற்பாள். என்னைப் பார்த்து, “நீங்க யாரு?” என்பாள். தண்ணீரில் சீனியைக் கரைத்து வாயில் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் தெளிந்து, “ஏன் என் சட்டையெல்லாம் ஈரம்?” என்று கேட்பாள். டாக்டர்கள் இன்சுலின், கட்டி என்று ஏதேதோ சொன்னார்கள். காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. அன்றைக்கு உன் திரையில் பார்த்தபோதுதான் புரிந்தது. அவள் உடம்பில் சர்க்கரை வற்றிக் கிடந்தபோதும் இதுகள் இப்படித்தான் கொட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன.

“இது நல்லதா, கெட்டதா?” என்று கேட்டேன். “இதுதான் அங்கிள் அவங்கள கொண்டுபோனது” என்றாய். மழுப்பியிருக்கலாம் நீ. மழுப்பாமல் சொன்னாயே, அதற்கு உனக்கு நான் கடமைப்பட்டவன்.

எல்ஆர்டியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். என் பொண்டாட்டியைக் கொன்றவனுக்குச் சைவச் சாப்பாடு போடு என்று ஊரைக் கூட்டிச் சண்டை போட்டிருக்கிறேனே! எனக்கே சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த சீனப் பையன் என்னைப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். போன வருஷம் ஆள்களுக்கு நடுவில் அழ முடியாததையும் சேர்த்து அழுதேன்.

நேற்று திதி முடிந்தது. பண்டாரம், “என்னண்ணே, இந்த வருஷம் குடுக்கலாமா வேணாமான்னு ஒரே கொழப்பமா இருந்தீங்களே?” என்றார். “கொழப்பம் இல்ல பண்டாரம். போனவ போயிட்டா. முழுசா போயிட்டா” என்றேன். தனேஷ் வந்திருந்தான். வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, பாயசம் எல்லாம் அவளுக்குப் பிடித்த மாதிரி செய்து படைத்தோம். மனசில் முள் இல்லாமல் கையெடுத்துக் கும்பிட்டேன்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தனேஷும் பார்த்துவிட்டுச் சரி என்றான். ஜப்பானுக்கு அனுப்பு, எங்கே வேண்டுமானாலும் அனுப்பு. அதை விட்டுவிடாதே. ஏன் அதற்கு நிறுத்தத் தெரியவில்லை என்று கண்டுபிடி. இன்னொரு வீட்டில் ஒருத்தி காலையில் எழுந்து புருஷனைப் பார்த்து யார் என்று கேட்கக் கூடாது.

ஆனால் சாப்பாட்டை மாற்றிவிடாதே. ஜப்பான்காரர்களிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிடு. கெட்டதாகவே இருக்கட்டும், அவள் உடம்பில் இருந்தது. அவள் வீட்டு முறைப்படிதான் சாப்பிட வேண்டும்.

கடைசியாக ஒன்று, மகளே. அதுவும் என்றைக்காவது ஒரு நாள் மிதக்கும், இல்லையா? உன் தட்டிலோ ஒசாகாவிலோ, எங்கேயோ ஒரு காலையில் யாராவது மூடியைத் திறந்து பார்த்துவிட்டு எடுத்துப் போட்டுவிடுவார்கள். அது அவள் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கேட்கிறேன். அன்றைக்கு எனக்குக் கடிதம் போடாதே.

அவள் போன சேதியை ஒரு தடவை கேட்டாயிற்று. எனக்கு அது போதும்.

சபாபதி